பார்ப்பதற்குக் கூலி ரூ. 3

"சிலோன் எடுக்குதா?"

ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவைத் திரும்ப வாங்க வருகிறவர்கள் ஒரு காலத்தில் கேட்ட முதல் கேள்வி இதுதான். திருச்சி எடுத்தால் போதாது. திருச்சி எந்த ஓட்டைப் பெட்டியிலும் எடுக்கும். சிலோன் கணீரென்று எடுத்தால்தான் ரேடியோ உண்மையிலேயே சரியாகிவிட்டது என்று அர்த்தம். மயில்வாகனன் குரலோ கே.எஸ்.ராஜா குரலோ கேட்ட பிறகுதான் சட்டைப் பையிலிருந்து காசு வெளியே வரும்!

கங்கைகொண்ட சோழபுரம் என்றால் எல்லோருக்கும் ராஜேந்திர சோழன் ஞாபகம் வரும், பெரிய நந்தி ஞாபகம் வரும். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் ஞாபகம் வரும். அந்த ஊர் ரோட்டோரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது என்பது யாருக்கும் ஞாபகம் வராது. கல்வெட்டில் இல்லை, அவ்வளவுதான். அந்தக் கடைக்காரருக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மெக்கானிக் என்றால் போதுமாம். ஊரில் ஐம்பது வருஷமாக அதுதானே பெயர்.

அவர் படித்தது எட்டாவது. ஜெயங்கொண்டத்தில் ஒரு ரேடியோ கடையில் பதினைந்து வயதில் எடுபிடியாகச் சேர்ந்தார். முதல் ஒரு வருஷம் டீ வாங்குவது, கடை கூட்டுவது, பேட்டரி கட்டை கசிந்து துருப்பிடித்த தகடுகளை உப்புத்தாளால் தேய்ப்பது. இரண்டாவது வருஷம்தான் சால்டரிங் அயர்ன் கைக்கு வந்தது. முறையாகப் படிக்க ஐ.டி.ஐ.யில் 'மெக்கானிக் ரேடியோ அண்ட் டிவி' என்று ஒரு பிரிவு இருந்தது. ஆனால் கிராமத்துக் கடைகளில் இருந்த பாதிப் பேர் இப்படிப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர்கள்.

சரி, இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் ரேடியோவுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அரசாங்கம் இல்லை. சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்ற எஞ்சினியர் 1924 மே 16-இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார். அதே வருஷம் ஜூலை 31-இல் ஒலிபரப்பு ஆரம்பமானது. மூன்றே வருஷத்தில், 1927-இல், பணமில்லாமல் நின்றும் போனது. கிளப்பின் கருவியை வைத்துக்கொண்டு 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938-இல். அடுத்த வருஷமே திருச்சி நிலையம், 1939 மே 16. (இரண்டுக்கும் ஒரே தேதி என்பது தற்செயல்தான்!)

அரியலூர், உடையார்பாளையம் பக்கமெல்லாம் அப்போது திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம், 2001-இல் அரியலூர் மாவட்டம், 2002-இல் மறுபடி பெரம்பலூர், 2007-இல் மறுபடி அரியலூர் என்று ஊரின் முகவரி மாறிக்கொண்டே இருந்தது. ரேடியோவில் மட்டும் கடைசிவரை "திருச்சிராப்பள்ளி" மாறவில்லை.

வால்வு ரேடியோ காலத்தில் ரேடியோ என்பது மிராசுதார் வீட்டுச் சாமான். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ. சாயங்காலம் அதற்கு முன்னால் கூட்டம் உட்கார்ந்திருக்கும். பல ஊர்களில் 'வானொலித் திடல்' என்ற பெயர் இன்னும் மிச்சம் இருக்கிறது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களில் டிரான்சிஸ்டர்களைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. கரண்ட் வேண்டாம், நாலு கட்டை போட்டால் பாடும். வயலுக்குத் தூக்கிப் போகலாம், முந்திரிக் கொல்லைக்குத் தூக்கிப் போகலாம். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கம் நெசவு அதிகம். தறிக்குழிக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் ரேடியோ தொங்கும். கை நாடாவைத் தள்ளும், காது பாட்டுக் கேட்கும்.

அந்தச் சின்னப் பெட்டிக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் சொன்னது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. விதை கேட்டு வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்களாம்.

ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்பது இன்றைக்குப் பலருக்கும் தெரியாது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம், 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டம் என்று இரண்டு சட்டங்கள் இருந்தன. போஸ்ட் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்தத் தொல்லை முழுசாக ஒழிந்தது. அதுவரை மெக்கானிக் கடைக்கு வரும் ரேடியோவோடு சிலர் அந்தப் புத்தகத்தையும் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்களாம், ஆஸ்பத்திரிக்குப் பழைய சீட்டு கொண்டுபோகிற மாதிரி.

இப்போது அந்த வேலைக்கு வரலாம்.

ரேடியோ ரிப்பேர் என்றால் ஏதோ கம்பியை ஒட்டுவது என்று வெளியில் நினைப்பார்கள். ஒட்டுவது அரை நிமிஷ வேலை. எங்கே ஒட்டுவது என்று கண்டுபிடிப்பதுதான் தொழிலே. ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் செட்டில் காயில், கேங் கண்டன்சர், ஐ.எஃப்.டி. டப்பாக்கள், ஏழெட்டு டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கண்டன்சர் என்று ஐம்பது அறுபது சாமான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ரெண்டு கால், மூன்று கால். எல்லாக் காலுக்கும் ஒரு ஈயப் பற்று. இதில் எந்த ஒன்று கெட்டாலும் வெளியில் தெரியும் அடையாளம் ஒன்றேதான்: பெட்டி பேசாது.

ஜெயங்கொண்டத்து முதலாளி அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பெட்டியைப் பாதியாகப் பிரிப்பது. பின்மூடியைக் கழற்றி, வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட வேண்டும். ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று சத்தம் வந்தால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நலம். கோளாறு முன்பாதியில். சத்தம் வரவில்லையென்றால் பின்பாதியில். அப்புறம் அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். ஐந்தாறு தடவை இப்படித் தொட்டால் அறுபது சாமானில் ஒன்று மாட்டிக்கொள்ளும். பெரிய மீட்டரெல்லாம் பிறகுதான். முதலில் காது, அப்புறம் விரல்.

ஐ.எஃப்.டி. டப்பாக்களுக்குள் இருக்கும் திருகைத் திருப்ப இரும்பு ஸ்க்ரூ டிரைவர் ஆகாது. இரும்பு பக்கத்தில் போனாலே அளவு மாறிவிடும். அதனால் மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி வைத்திருப்பார். சிவப்பு டப்பா ஆசிலேட்டர். மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூன்றும் ஐ.எஃப். அவற்றை 455 கிலோஹெர்ட்ஸுக்குக் கூட்ட வேண்டும். சில வீட்டில் பையன்கள் பெட்டியைத் திறந்து எல்லாத் திருகையும் 'டைட்' வைத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். அந்த மாதிரி ஒரு செட் வந்தால் அன்றைய பொழுது அதற்கே சரி.

மழைக் காலத்தில் பேண்ட் சுவிட்ச் பூஞ்சை பிடிக்கும். வெயில் காலத்தில் டயல் நூல் அறும். கரப்பான் ஸ்பீக்கர் காகிதத்தைத் தின்னும். பல்லி உள்ளே போய் முட்டையிடும். சில சமயம் பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியின் அகலப் பக்கம் ஸ்டேஷனைப் பார்த்திருந்தால்தான் நன்றாக எடுக்கும். அதனால் பெட்டியை வேறு பக்கம் திருப்பி வைத்தாலே திருச்சி தெளிவாகிவிடும். வால்வு செட் வந்தால் மட்டும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். சில செட்டுகளில் இரும்புத் தட்டே நேராகக் கரண்டில் இருக்கும். இரண்டு கையாலும் தொட்டால் நெஞ்சு வழியாகப் போகும். அது முதலாளி சொன்ன இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடம்தான் சிக்கலானது.

"சீக்கிரம் சரி பண்ணாத. பண்ணினாலும் சொல்லாத."

காரணம் இருந்தது. வாடிக்கையாளர் எதிரில் இரண்டு நிமிஷத்தில் சரி செய்து ஐந்து ரூபாய் கேட்டால் சண்டைதான்.

"என்னண்ணே, கம்பிய தொட்டு எடுத்தீங்க, அஞ்சு ரூவாயா?"

"கண்டன்சர் போயிருக்கு தம்பி, மாத்தியிருக்கேன்."

"கண்டன்சர் என்ன வெல?"

"முக்கா ரூவா."

"அப்ப ஒன்னரை ரூவா வாங்கிக்கங்க!"

முக்கால் ரூபாய் சாமானுக்கு முக்கால் ரூபாய் லாபம். தாராள மனசுதான் :-) அந்தக் கண்டன்சர்தான் கெட்டது என்று கண்டுபிடித்ததற்கு எவ்வளவு என்ற கேள்வியே அங்கே எழாது. கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்கு விலை உண்டு. காதுக்கும் விரலுக்கும் விலை இல்லை. அதே ஆள் டாக்டரிடம் போய் "மாத்திரை பத்து பைசாதானே, ஃபீஸ் எதுக்கு?" என்று கேட்க மாட்டார்.

அதனால் கடைகளில் ஒரு வழக்கம் வந்தது. ரேடியோவை வாங்கி வைத்துக்கொண்டு "நாலு நாள் கழிச்சு வாங்க" என்பார்கள். அன்று ராத்திரியே சரியாகிவிடும். ஆனால் நாலு நாள் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். நாலு நாள் காத்திருந்தவன் ஐந்து ரூபாய்க்கு முகம் சுளிக்க மாட்டான். பெரிய வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். பொய் சொல்லி நல்ல டிரான்சிஸ்டரையே மாற்றிக் காசு பார்க்கிற கடைகளும் அந்தக் காலத்தில் உண்டு. அதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1975-இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் சொந்தக் கடை போட்டபோது அவரும் அப்படித்தான் நடத்தினார். எட்டு வருஷம்.

1983 ஜூலை 23, சனிக்கிழமை. ஒரு பெரியவர் ஒரு செட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானதே, அந்தக் கணக்கில் ஒருவர். அவர் வந்துவிட்டார். பதுளைப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் அங்கேயே நின்றுவிட்டாள். பெரியவருக்கு அந்த ரேடியோதான் பொழுதுபோக்கு. சிலோன் கேட்பார், அவ்வளவுதான்.

செட் விட்டுவிட்டுப் பாடியது. அன்று ராத்திரியே மூங்கில் குச்சியால் ஒவ்வொரு பற்றாகத் தட்டிப் பார்த்ததில் காயில் பக்கத்தில் ஒரு பற்று உலர்ந்து விரிசல் விட்டிருந்தது. டிரை சால்டர் என்பார்கள். கண்ணுக்கே தெரியாது. கண்டுபிடிக்க அரை மணி நேரம், ஒரு பொட்டு ஈயம் வைக்க அரை நிமிஷம். மாற்றிய சாமான் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே மாற்றாத வேலைக்குக் காசு எப்படிக் கேட்பது? "புதன்கிழமை வாங்கய்யா" என்று முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. பெட்டி அலமாரிக்குப் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் கலவரம் ஆரம்பித்தது. அடுத்தடுத்த நாட்களில் கண்டி, மலையகம் என்று பரவியது. கறுப்பு ஜூலை என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அந்த வாரம். திங்கட்கிழமை சாயங்காலம் டீக்கடையில் அதே பேச்சு. ஆளுக்கொரு செய்தி சொன்னார்கள். பெரியவர் வீடு வீடாகப் போய், ரேடியோ இருக்கிற திண்ணையிலெல்லாம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம். டில்லி செய்தி, திருச்சி செய்தி, தமிழோசை, எதையும் விடவில்லை. அவருடைய சொந்த ரேடியோ நல்லபடியாகச் சரியாகி, கடை அலமாரியில் இருந்தது.

புதன்கிழமை காலை கடை திறக்கும் முன்னாலேயே வாசலில் நின்றார்.

"தம்பி, ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்கய்யா. ராத்திரிதான் முடிச்சேன்."

போட்டுக் காட்டினார். எடுத்தது. பெரியவர் சிலோன் எடுக்குதா என்று கேட்கவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் இன்னும் இரண்டு ரூபாய் எடுத்து மேசையில் வைத்தார்.

"எனக்காக ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சிருக்கியே தம்பி. வச்சுக்க."

அந்த இரண்டு ரூபாயை வாங்கவும் முடியவில்லை, திருப்பித் தரவும் முடியவில்லை. திருப்பித் தந்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. பெரியவர் செட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் கடுதாசி வந்தது. வீடு போய்விட்டது, மகளும் பேரப் பிள்ளைகளும் முகாமில் உயிரோடு இருந்தார்கள். மூன்று நாள் முன்னால் செட் கையில் இருந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. ரேடியோவில் மகள் பெயரைச் சொல்லியிருக்கப் போவதில்லை. மெக்கானிக்குக்கும் இது தெரியும். ஆனாலும் கண்டுபிடித்த வேலைக்குக் கூலி கேட்க வெட்கப்பட்டு, செய்யாத வேலைக்கு இனாம் வாங்கியதாக அவர் மனதில் பதிந்துவிட்டது. பெரியவர் இறக்கிறவரை அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் கடையில் ஒரு தகரப் பலகை தொங்கியது. சொந்தக் கையெழுத்து, சிவப்புப் பெயிண்ட்.

'ரேடியோ திறந்து கோளாறு பார்ப்பதற்குக் கூலி ரூ. 3. சாமான் விலை தனி. எதிரிலேயே செய்து தரப்படும்.'

ஊர் சிரித்தது. "பாக்கறதுக்கே காசா? அப்ப கண்ண மூடிக்கிட்டு ரிப்பேர் பண்ணுங்கண்ணே!" என்று ஒருவர் கேட்டாராம். பாதிப் பேர் ஜெயங்கொண்டத்துக்கே போனார்கள். அங்கே நாலு நாள் காத்திருந்து கூடக் காசு கொடுத்தாலும் மனசு ஆறுகிறதே! மிச்சப் பாதிப் பேர் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் குச்சியால் தட்டுவதையும் விரலால் தொடுவதையும் பார்த்தார்கள். பார்த்த பிறகு பேரம் குறைந்தது. தறிக்காரர்கள் முதலில் புரிந்துகொண்டார்கள். அறுந்த இழையைத் தேடுவதற்கு எவ்வளவு நேரமாகும், முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வருமானம் கூடியதா என்றால் இல்லை. முதல் வருஷம் நன்றாகவே குறைந்தது. மைக் செட் வாடகைக்கு விட்டுத்தான் சமாளித்தார். ஆடித் திருவாதிரை, ஐப்பசி பௌர்ணமி அன்னாபிஷேகம், கல்யாணம், காதுகுத்து என்று குழாய் ஸ்பீக்கருக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது.

பிறகு டிவி வந்தது. துபாய், சிங்கப்பூரிலிருந்து டூ-இன்-ஒன் வந்தது. 2000-க்குப் பிறகு நூறு இருநூறு ரூபாய்க்குக் கைக்கடக்கமான எஃப்.எம். பெட்டிகள் வந்தன. செல்போனிலேயே ரேடியோ வந்தது. கணக்கு எளிதுதான். புதுப் பெட்டி நூறு ரூபாய், பார்க்கிற கூலி ஐம்பது ரூபாய் என்றால் யாரும் திறந்து பார்க்கச் சொல்ல மாட்டார்கள். காமர்ஸ் பாடத்தில் இதற்கு நல்ல பெயர்கள் எல்லாம் உண்டு. கடை அலமாரியில் இதற்கு வேறு அடையாளம். கொடுத்தவர்கள் திரும்ப வராத பதினாலு ரேடியோக்கள், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு, சீட்டில் பெயரும் தேதியும். கடைசித் தேதி 2009. வாராக்கடன் என்று எழுதித் தள்ளிவிடலாம். அவர் தள்ளவில்லை, விற்கவும் இல்லை. "அடுத்தவங்க சாமான்" என்கிறார்.

உலகம் இப்போதுதான் அந்தத் தகரப் பலகைப் பக்கம் வருகிறது. பிரான்ஸ் 2021-இல் பொருட்களுக்கு 'எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம்' என்று மதிப்பெண் போட ஆரம்பித்தது. இந்தியாவில் 2022-இல் நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த வருஷ டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கியது. 2024-இல் ஐரோப்பிய யூனியன் சட்டமே கொண்டுவந்தது. எல்லாம் நல்லதுதான். ஸ்பேர் கிடைக்கும், சர்க்யூட் படம் கிடைக்கும். ஆனால் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற ஆளுக்கு, கண்டுபிடித்ததற்காகக் காசு கொடுக்கிற பழக்கம் சட்டத்தில் வராது. அது ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத்தான் வரும்.

கடையின் முன்பாதி இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. பின்பாதியில் அவர் ஆம்ப்ளிஃபையரும் மிக்ஸி மோட்டாரும் பார்க்கிறார். பழைய பலகை அதே ஆணியில் இருக்கிறது. 3-ஐ அழித்து 5, அதை அழித்து 10, 20, 50 என்று எழுதி எழுதி அந்த இடம் மட்டும் தடித்துப்போயிருக்கிறது.

எப்போதாவது கோயிலுக்கு வரும் டூரிஸ்ட் வேன் டிரைவர் யாராவது வண்டி ரேடியோவைக் கழற்றிக்கொண்டு உள்ளே வருவதுண்டு. "எவ்ளோ ஆகும் பெரியவரே?" என்பார்கள்.

அவர் பேசுவதில்லை. குச்சியால் பலகையைக் காட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்.